நள்ளிரவில் கட்டுநாயக்கா, நண்பகலில் கரடியனாறு

கட்டுநாயக்கா பண்டாரநாயக்கா சர்வதேச விமான நிலையத்திலிருந்து மட்டக்களப்பு மாவட்டத்தின் கரடியனாறு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். நிற்காமல் வந்தாலும் வேனில் ஆறு, ஏழு மணித்தியாலம் ஆகும். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் தரையிறங்குகின்றன. சவூதியிலோ கட்டாரிலோ குவைத்திலோ ஒப்பந்தம் முடித்து ஊர் திரும்பும் ஒருவருக்கு, ஆகாயத்தில் கழிந்த நாலைந்து மணித்தியாலத்தை விடத் தரையில் கழியப்போகும் நேரம் நீளமானது. ஆபத்தும் அந்தத் தரைப் பயணத்தில்தான் கூட.

கரடியனாறு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் இருக்கிறது. ஏறாவூர்ப்பற்று, செங்கலடி பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த ஊர். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக வரும் ஏ5 நெடுஞ்சாலை மஹா ஓயா, புல்லுமலை தாண்டி இந்த ஊரை ஊடறுத்துச் சென்று செங்கலடியில் முடிகிறது. கொழும்பு நகரமோ விமான நிலையத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீற்றரில் இருக்கிறது. கிழக்குக்குப் போகும் பெருவழியோ குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று வடகிழக்காக ஏறுகிறது. ஆகவே விமானத்தால் இறங்கிய படுவான்கரைக்காரர் முதலில் கொழும்புக்குப் போவது, வீட்டுக்கு முதுகைக் காட்டி நடப்பது போன்றது. இரவு வேளையில் எந்த வழி எடுப்பது என்று யோசிக்கும்போது முதலில் நினைவில் நிற்க வேண்டியது இதுதான்.

விமானம் தரை தொட்ட நேரத்துக்கும் பயணி வெளியே வரும் நேரத்துக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஆகும். குடிவரவுப் பகுதியில் வரிசை, பெட்டி வந்து சேரும் வரை காத்திருப்பு, பிறகு சுங்கம். தொழிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அநேகமாகத் தீர்வையற்ற கடைகளுக்கும் போவார்கள். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் வருகைப் பகுதியிலேயே விற்கும் விமான நிலையம் இது. அந்தப் பொருட்களை ஏற்றுவதற்கு இடமுள்ள வாகனம் வேண்டும் என்பதும் பயணத் திட்டத்தில் சேர வேண்டிய விடயம். பஸ்ஸை நம்பி வருகிறவர் குளிர்சாதனப் பெட்டி வாங்கிவிட்டால் அந்த இரவில் அவருக்கு வேன் தவிர வேறு வழி கிடையாது.

வெளியே வருமுன் செய்யக்கூடிய மூன்று வேலைகள் உண்டு. வங்கிக் கருமபீடத்தில் கொஞ்சப் பணத்தை ரூபாயாக மாற்றுவது, தொலைபேசிக்கு உள்நாட்டு சிம் அட்டை போடுவது, வீட்டுக்கு அழைத்து வந்து சேர்ந்ததைச் சொல்வது. இவற்றை மண்டபத்துக்குள்ளேயே முடிப்பது நல்லது. கையில் ரூபாயும் தொலைபேசியில் தொடர்பும் இல்லாமல் வெளிவாசலில் நிற்பவரைத்தான் பேரம் பேசும் வாடகைக் கார்க்காரர்கள் முதலில் சூழ்வார்கள்.

நோயுடனோ, சம்பளம் கிடைக்காமலோ, காயத்துடனோ, கையில் காசில்லாமலோ திரும்பும் தொழிலாளர்களுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், விமான நிலையத்துக்கு அண்மையில் ‘சஹன பியச’ என்ற நலன்புரி நிலையத்தை நடத்துகிறது. இப்படி இடர்பட்டு வருகிறவர்கள் அங்கே தற்காலிகமாகத் தங்கலாம். மருத்துவ உதவியும் ஊர் போய்ச் சேரப் போக்குவரத்து உதவியும் பெறலாம். பணியகத்தின் தொலைபேசி எண் 1989. வீட்டுப் பணிப்பெண்களாகப் போகும் படுவான்கரைப் பெண்களின் குடும்பங்கள் இந்த எண்ணை அறிந்து வைத்திருக்க வேண்டும். அது தெரியாததால், உரிமையுள்ள உதவியைக் கேட்காமலே கடன்பட்டு வேன் பிடிக்கும் நிலை வந்துவிடக் கூடாது.

உடல்நலத்தோடும் பெட்டியோடும் வெளியே வருகிறவருக்கு உடனடியாகக் கிடைப்பது வாடகைக் கார். வருகை மண்டபத்துக் கருமபீடங்களில் போகும் இடத்தைச் சொல்லிக் கட்டணத்தைத் தெரிந்துகொண்டு சீட்டுப் பெறலாம். பிக்மீ, ஊபர் செயலிகளிலும் கார் அழைக்கலாம். செயலியில் இன்னொரு நன்மை உண்டு. சவூதியில் பத்து வருடம் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு அரபு சரளமாக வரும், சிங்களம் வராது. செயலி கட்டணத்தை இலக்கத்தில் காட்டிவிடுவதால் மொழி தெரியாத இடத்தில் பேரம் பேச வேண்டிய தேவை இல்லை. வாகன இலக்கத்தை ஏறுமுன் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் படத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவது தனியே வருகிறவருக்குப் பாதுகாப்பு.

கொழும்புக்கே போக வேண்டியிருந்தால், 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேக வீதியால் அரை மணித்தியாலத்தில் களனிப் பாலத்தடிக்கு வந்துவிடலாம். 187ஆம் இலக்க பஸ் விமான நிலையத்துக்கும் கோட்டைக்கும் இடையில் ஓடுகிறது. பகலில் அது மலிவான, நல்ல வழி. நள்ளிரவில் அதை நம்பிப் பெட்டிகளோடு நிற்க முடியாது. நின்றாலும் பயன் குறைவு: புறக்கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் புறப்படும் இரவு பஸ்கள் விமானம் இறங்குவதற்கு முன்பே போய்விட்டிருக்கும்.

ரயிலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கொழும்பு கோட்டையிலிருந்து காலை 6 மணியளவில் புறப்படும் உதயதேவி நெடுங்காலமாக மட்டக்களப்புக்காரரின் வண்டி. குருநாகல், மாகோ, கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று வந்து பிற்பகலில் மட்டக்களப்பை அடைகிறது. அதிகாலை 2 மணிக்கு வெளியே வருகிறவர் கொஞ்ச நேரம் மண்டபத்தில் அமர்ந்திருந்து, விடியுமுன்பே கோட்டைக்குப் போய் அதைப் பிடிக்கலாம். கரடியனாற்றுக்குப் போகிறவர் மட்டக்களப்பு வரை போகத் தேவையில்லை. ஏறாவூரில் இறங்கினால் செங்கலடிச் சந்தி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்தப் பாதையின் நேர அட்டவணையைப் பழைய நினைவை வைத்து நம்பக் கூடாது. 2025 பெப்ரவரி 20 அன்று இந்தப் பாதையில் ஓடும் மீனகயா கடுகதி ஹபரணைப் பக்கத்தில் யானைக் கூட்டத்தில் மோதிக் குறைந்தது ஆறு யானைகள் இறந்தன. யானைகளைக் காப்பதற்காக அதன் பின் இந்தப் பாதையின் ரயில் நேரங்கள் மாற்றப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் நாட்டின் ரயில் பாதைகளுக்குப் பெரும் சேதம் விளைவித்தது. விமானம் ஏறுமுன் வீட்டிலிருப்பவர் ஒருவர் புகையிரத நிலையத்தில் விசாரித்து வைப்பது அவசியம்.

மட்டக்களப்பிலேயே ஒரு விமான நிலையம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 2018இல் அது பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் அதன் ஓடுபாதை சிறிய விமானங்களுக்கே போதும். வளைகுடாவிலிருந்து வரும் பெரிய விமானம் அங்கே இறங்காது.

இவ்வளவு வழிகள் இருந்தாலும், படுவான்கரையில் பெரும்பாலும் நடப்பது ஊரிலிருந்து வேன் பிடித்துப் போவதுதான். இரண்டு மூன்று வருடம் காணாத மகளை, மனைவியை, தகப்பனைக் கூட்டிவரக் குடும்பமே ஏறிப் போகும். பிள்ளைகள் போவார்கள், அம்மம்மா போவார், சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் போகும். கதவு திறந்து ஆள் வெளியே வரும் அந்த நிமிடத்துக்காக எல்லோரும் பகல் முழுக்க வீதியில் வந்திருப்பார்கள். இந்த வழக்கத்தைத் தவறு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. தவறு அதற்குப் பிறகு நடக்கிறது: ஆளை ஏற்றிய உடனே, அந்த இரவிலேயே திரும்பிப் புறப்படுவது.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். வேன் கரடியனாற்றிலிருந்து நண்பகலில் கிளம்பினால் இரவு 7 மணியளவில் கட்டுநாயக்காவை அடையும். சாரதி ஆசனத்தில் சாய்ந்து அரைத்தூக்கம் போடுவார். அதிகாலை ஒரு மணிக்கு இறங்கிய விமானத்தின் பயணி இரண்டரைக்கு வெளியே வருவார். உடனே புறப்பட்டால் மினுவாங்கொடை, திவுலப்பிட்டி தாண்டிக் குருநாகல் வரும்போது நாலு மணியாகும். மனித உடல் தூக்கத்துக்கு மிகவும் இழுபடும் நேரம் அதிகாலை இரண்டுக்கும் ஆறுக்கும் இடைப்பட்டது. எவ்வளவு பழகிய சாரதிக்கும் இது பொருந்தும். தேநீரும் வெற்றிலையும் சத்தமான பாட்டும் தூக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது. பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் தூங்கிப் போயிருப்பார்கள், சாரதியோடு கதைக்கவும் ஆளிருக்காது. அந்த நிலையில்தான் வண்டி தம்புள்ளையைத் தாண்டி ஹபரணை, மின்னேரியாக் காட்டுப் பகுதிக்குள் நுழைகிறது. அங்கே யானைகள் வீதியைக் கடப்பதும் இருளிலும் விடியற்காலையிலும்தான். தூங்கும் சாரதியும் வீதியில் நிற்கும் யானையும் ஒரே மணித்தியாலத்தில் சந்திக்கும்படி இந்தப் பயணம் அமைந்துவிடுகிறது.

பொலன்னறுவைக்குக் கிழக்கேயும் கவனம் குறையக் கூடாது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்க ஒருகாலத்தில் ரயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒரே பாலம். 2007இல் ஜப்பானிய உதவியோடு புதிய பாலம் வந்த பிறகு வீதி தனியானது. ஆயினும் 2023 ஜூலை 9 அன்று கிழக்கு நோக்கி வந்த பஸ் ஒன்று மன்னம்பிட்டி கொட்டலீயப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்து 11 பேர் இறந்தார்கள். வெலிக்கந்தை, புணானை என்று தொடரும் பாதை நேரானது, ஆள் நடமாட்டம் குறைந்தது. நேர்ப்பாதையில்தான் கண் சொருகும்.

இனி மற்றக் கணக்கு. இரண்டரைக்கு வெளியே வந்தவரும் அழைக்கப் போனவர்களும் காலை ஐந்து வரை ஓய்வெடுத்து, சாரதி நன்றாகத் தூங்கியெழுந்த பின் புறப்பட்டால், ஹபரணைக் காட்டை வெயிலில் கடக்கலாம். நண்பகலில் வீடு. உடனே புறப்பட்டிருந்தால் காலை ஒன்பதரைக்கு வந்திருப்பார்கள். வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். இரண்டு வருடம் காத்திருந்த குடும்பத்துக்கு இது பெரிய நேரமல்ல. சீதுவை, கட்டுநாயக்கா, நீர்கொழும்புப் பகுதிகளில் ஓரிரவுக்கு அறை தரும் சிறிய விடுதிகள் நிறைய உண்டு. நீர்கொழும்பில் தமிழ் பேசும் மக்களும் கடற்கரைத் தெருக் கோயில்களும் இருப்பதால் அம்மம்மாவுக்கும் அந்நியம் தெரியாது. அறைக்குச் செலவழிக்க முடியாவிட்டால், குறைந்தது சாரதிக்காவது படுக்க இடம் ஒழுங்கு செய்ய வேண்டும். அல்லது சாரதிகள் இருவர் போக வேண்டும். வேன் பேசும்போதே இதைப் பேசிவிட வேண்டும். கூலி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

சிலர் கண்டி, மஹியங்கனை, மஹா ஓயா வழியைச் சொல்வார்கள். அந்த வழியில் வந்தால் செங்கலடிக்குப் போகாமலே, புல்லுமலைப் பக்கமாக நேரே கரடியனாற்றுக்குள் வரலாம். பகலில், மழையில்லாத மாதங்களில் அது அழகான பயணம். இரவில் அது வேண்டாம். மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதை தெரியாத சாரதிக்குச் சோதனை. மஹா ஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் காடு, யானை, மூடிய கடைகள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மலையில் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும்.

செங்கலடிச் சந்தியில் திரும்பியதும் பயணி ஊருக்கு வந்துவிட்டதாக நினைப்பார். இன்னும் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் இருக்கிறது. கறுத்தப்பாலத்தைத் தாண்டி, கொடுவாமடு, தும்பாலஞ்சோலை, இலுப்படிச்சேனை வழியாக வயல்வெளிக்கு நடுவே போக வேண்டும். போர்க்காலத்தில் கறுத்தப்பாலம் அரசபடையினதும் விடுதலைப் புலிகளினதும் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு எல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறந்து காட்டாமல் அன்று அதைக் கடக்க முடியாதிருந்தது. இருட்டிய பின் வருவதைப் பற்றிப் பேச்சே இருக்கவில்லை. 2007இல் படுவான்கரை அரசபடையிடம் போன பிறகு வீதி புனரமைப்புத் தொடங்கியது. அந்த வேலைக்குக் கொண்டுவந்து கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்த வெடிமருந்து 2010 செப்டெம்பர் 17 அன்று வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்று வாகனங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும் இந்தச் சாலைக்கு அந்த உயிர்களும் விலையாகியிருக்கின்றன.

வீதி நல்லதாகிவிட்டாலும் யானைகள் போகவில்லை. அறுவடைக் காலத்தில் அவை வயலுக்கும் வீட்டு வளவுக்கும் வருகின்றன. ஆகவே இரவு பிந்தி ஏறாவூரிலோ செங்கலடியிலோ இறங்குகிறவர் ஓட்டோ பிடித்து உடனே மேற்கே போவதை விட, நகரத்திலிருக்கும் சொந்தக்காரர் வீட்டில் படுத்து விடிய வருவதே புத்தி. கார்த்திகை, மார்கழியில் முந்தனை ஆறு பெருகினால் படுவான்கரைத் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கும். அந்த மாதங்களில் விமானச் சீட்டு எடுப்பவர் பகல் நேரத்து வருகையைத் தேடிப் பார்க்கலாம்.

வழியில் உதவி வேண்டுமானால் எண்கள் சில: பொலிஸ் அவசர அழைப்பு 119, இலவச நோயாளர் காவு வண்டி 1990, பஸ்களில் கூடிய கட்டணம் அல்லது வேறு முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு 1955.

வெளிநாட்டில் உழைத்தவரை அழைத்துவர வேன் பேசும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தச் சாரதியை விடியும்வரை தூங்க விடுங்கள்.