பிரித்துத் தைக்கும் கலை: முகவலைத் தொப்பிகள்

ஐரோப்பியப் பெண்களின் உடை மரபில் தொப்பி வெயிலுக்கும் குளிருக்கும் தலையைக் காக்கும் பொருளாக மட்டும் இருந்ததில்லை. தேவாலயமோ திருமணமோ குதிரைப் பந்தயமோ இறுதிச் சடங்கோ, அணிந்திருப்பவர் எங்கே செல்கிறார், எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உணர்த்தும் அடையாளமாகவும் அது விளங்கியது. அத்தொப்பிகளுள், முன்விளிம்பிலிருந்து நெற்றியையும் கண்களையும், சில வேளைகளில் மோவாய் வரையும் மறைக்குமாறு மெல்லிய வலை தொங்கும் வகைக்குத் தனி இடம் உண்டு. அந்த வலையை முகவலை எனலாம். மில்லினரி எனப்படும் மகளிர் தொப்பிக் கலையைப் பற்றிய நூல்கள் பாரிஸ், லண்டன் நகரங்களின் பெரிய கலைஞர்களையே பெரிதும் பேசுகின்றன. ஆனால் முகவலைத் தொப்பிகளில் மிகப் பல சாதாரண வீடுகளில், சாதாரண ஊசியால் அலங்கரிக்கப்பட்டவை, அதைவிட முக்கியமாக, பலமுறை பிரித்துப் புதுப்பிக்கப்பட்டவை.

கடையில் வாங்கிய தொப்பியை அப்படியே அணியாமல் வீட்டில் தன் விருப்பப்படி மாற்றித் தைக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தில் வேரூன்றியிருந்தது. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1799இல் பாத் நகரிலிருந்து தம் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதங்களில், தொப்பியில் செயற்கைப் பூ வைப்பதா செயற்கைப் பழம் வைப்பதா, எது என்ன விலை என்பதையெல்லாம் அக்கறையோடு ஆராய்கிறார்; 1813இல் வெளிவந்த அவருடைய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் லிடியா என்னும் பெண், அழகில்லை என்று தெரிந்தே ஒரு தொப்பியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பிரித்துத் திருத்திக்கொள்ளலாம் என்கிறாள். நடுத்தரக் குடும்பத்துக்கு அன்று தொப்பியின் உடற்பகுதி விலை கூடியது, பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது. ரிப்பனும் பூவும் வலையும் பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொள்ளத் தக்கவை. இந்தக் கணக்கே வீட்டுத் தொப்பிக் கலையின் அடித்தளம்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வலை மலிவாக இருந்ததில்லை. தலையணை போன்ற திண்டின் மேல் சிறு மரக் கதிர்களில் நூலைச் சுற்றி, கண் கண்ணாகக் கையால் பின்னப்பட்ட வலைக்கு அதைப் பின்னிய பெண்ணின் உழைப்பு முழுவதும் விலையாக ஏறியது. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் அதே அறுகோணக் கண்களை வேகமாகப் பின்னத் தொடங்கியபின் நிலைமை மாறியது. இயந்திரங்களை எதிர்த்த தொழிலாளர்கள் 1816இல் லஃப்பரோவிலிருந்த அவருடைய ஆலையைத் தாக்கி அழித்ததால், அவர் தெற்கே டெவன் மாவட்டத்தின் டிவர்டன் ஊருக்குத் தொழிலை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஒருபுறம் கைப்பின்னல்காரர்களின் பிழைப்பைப் பறித்த அந்த வலைதான், மறுபுறம் எளிய வீட்டுப் பெண்ணின் தையல் பெட்டிக்குள் முகவலையைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதை மறக்கலாகாது.

19ஆம் நூற்றாண்டில் கணவனை இழந்தவர்கள் அணிந்த கனத்த கறுப்புத் திரையும் முகவலைக் குடும்பத்தைச் சேர்ந்ததே எனினும், அது அலங்காரத்துக்காக அணிந்ததன்று. அலங்கார முகவலையின் பொற்காலம் 1890களில் தொடங்குகிறது. அப்போது வலையில் சிறு வெல்வெட் புள்ளிகளையும் கொடிப் பின்னல்களையும் பதித்து அணிவது பெருவழக்காயிற்று. கண் வலியும் தலைவலியும் அதனோடு கூடவே வந்தன. சிகாகோவைச் சேர்ந்த கண் மருத்துவர் கேஸி வுட் அந்நாளில் வழக்கிலிருந்த முகவலைகளில் ஒரு பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வழியாக எழுத்துகளைப் படிக்கச் செய்து சோதித்து, எந்த வலையும் பார்வையை ஓரளவு மங்கவைக்கிறது, புள்ளியும் பூவும் நெருங்கிய வலைகள் மிகுதியாகக் கெடுக்கின்றன, பெரிய சீரான கண்களுடைய ஒற்றை நூல் வலையே தீங்கு குறைந்தது என்ற முடிவுக்கு வந்தார். இன்றும் வீட்டில் வலை தேர்ந்தெடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை இல்லை.

1907இல் லண்டன் மேடையேறிய ‘தி மெர்ரி விடோ’ இசை நாடகத்தில் நடிகை லில்லி எல்சிக்காக லூசீல் என்ற தொழிற்பெயரில் புகழ்பெற்ற உடைக் கலைஞர் லேடி டஃப் கார்டன் வடிவமைத்த அகன்ற விளிம்புத் தொப்பி அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பரவியது. திறந்த மோட்டார் வண்டிகளில் சென்ற பெண்கள் அத்தகைய தொப்பி பறக்காமலும் முகத்தில் புழுதி படியாமலும் இருக்க நீண்ட மெல்லிய துணியால் தொப்பியையும் முகத்தையும் சேர்த்து மோவாய்க்குக் கீழே கட்டிக்கொண்டனர். தொப்பிகள் இவ்வளவு பெரிதாகவும் விலை கூடியும் போனபோது, வீட்டில் செய்யக் கற்றுக்கொடுப்பதே ஒரு தொழிலாயிற்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ராண்டன் நகரில் 1916இல் மேரி புரூக்ஸ் பிக்கன் தொடங்கிய பெண்கள் பயிற்சி நிறுவனம், உடைத் தையலோடு தொப்பிக் கலையையும் அஞ்சல்வழிப் பாடங்களாக அனுப்பியது. கம்பி வளைப்பது முதல் பூ மடிப்பது வரை, அதுவரை கடைகளின் பின்னறையில் வாய்மொழியாக இருந்த அறிவு பண்ணை வீட்டுப் பெண்ணின் மேசைக்கு அச்சில் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் 1 முதல் உடைகளுக்குப் பங்கீட்டுச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. தொப்பிக்குச் சீட்டுத் தேவையில்லை என்று விலக்களிக்கப்பட்டது. புதிய உடை வாங்க வழியில்லாதவர்கள் பழைய தொப்பியில் ஒரு முழம் வலையைத் தைத்து, அதே மேலாடையைப் புதிதுபோல் அணிய முடிந்தது.

இனிச் செய்முறை. வீட்டில் தொடங்குவதற்கு ஏற்றது, தலையின் ஒரு பக்கமாகச் சாய்த்து அணியும் 12 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டத் தொப்பி. முழுத் தலையையும் சூழும் தொப்பிக்குப் புருவத்துக்கு மேல், காதுகளுக்குச் சற்று மேல், பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். சிறு தொப்பிக்கு அந்தக் கவலை இல்லை. அடித்தளமாக மூன்று பொருள்கள் பயன்படுகின்றன. கம்பளி அல்லது முயல் மயிரை ஈரமும் சூடும் கொடுத்து அழுத்திச் செய்யும் ஃபெல்ட் முதலாவது. சினமே என்பது பிலிப்பைன்ஸ் நாட்டில் விளையும், வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த அபாகா என்னும் செடியின் நாரால் நெய்த மெல்லிய, விறைப்பான துணி. மூன்றாவதான பக்ரம் தமிழ்நாட்டுத் தையல்காரர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் திரைச்சீலையின் மேல்மடிப்பில் வைக்கும் பட்டையான வகை இதற்கு உதவாது, பசையேற்றி விறைப்பாக்கிய பருத்தி நெசவே வேண்டும், ஏனெனில் நனைத்தால் இளகி, காய்ந்தால் வளைத்த வடிவிலேயே நிற்கும் குணம் அதற்குத்தான் உண்டு.

மரத்தாலான தொப்பி அச்சு இல்லாத வீட்டில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் கிண்ணம் போதும். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பக்ரத்தை விரித்து, நெசவுக்குக் குறுக்காக, அதாவது மூலைவாட்டில் இழுத்து இழுத்துச் சுருக்கம் போகத் தடவி, விளிம்பில் எலாஸ்டிக் கட்டி ஓர் இரவு காயவிட வேண்டும். காய்ந்ததும் விளிம்பைச் சீராக வெட்டி, நூல் சுற்றிய மெல்லிய கம்பியை அதன் ஓரத்தில் வளைத்து வைத்து, முனைகள் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு விட்டு, பட்டன் காஜாவுக்குப் போடுவதுபோன்ற தையலால் சுற்றிலும் பிணைக்க வேண்டும். தொப்பி காலப்போக்கில் தொய்ந்துபோகாமல் காப்பது இந்தக் கம்பியே. பிறகு பக்ரத்தின் சொரசொரப்பு மேலே தெரியாதிருக்க மெல்லிய ஃபிளானல் துணியைப் போர்த்தி, அதன்மேல் பட்டையோ வெல்வெட்டையோ கிராஸாக வெட்டி இழுத்துத் தைத்து, உட்புறம் லைனிங் கொடுத்து, தலைமுடியில் செருகச் சிறு சீப்பையும், காதுகளுக்குப் பின்னால் முடிக்கு அடியில் மறையும் எலாஸ்டிக்கையும் இணைத்தால் அடித்தளம் முடிந்தது.

முகவலையைப் பொருத்துவதே இக்கலையில் மிக நுட்பமான கட்டம். விலையில் மிகக் குறைந்த பொருளும் அதுதான். தொப்பிக்கென்று விற்கப்படும் வலை சாய்சதுரக் கண்களுடன், பெரும்பாலும் 23 அல்லது 45 சென்டிமீட்டர் அகலத்தில் கிடைக்கிறது. மூக்கு நுனி வரை மறைக்க முதல் வகை போதும், முழு முகத்துக்கும் இரண்டாவது வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவத் திருமணங்களில் மணப்பெண் தலையில் அணியும் மென்மையான நெட் இதற்கு ஒத்துவராது, ஏனெனில் அது துவண்டு முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். முகவலைக்குத் தன் வளைவைத் தானே தாங்கும் விறைப்பு வேண்டும். ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நீளத்தை எடுத்து, கத்தரிக்கோலை நேர்கோட்டில் ஓட்டாமல், ஒரே வரிசைக் கண்களைப் பின்தொடர்ந்து முடிச்சுக்கு மிக அருகில் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். முடிச்சிலிருந்து தள்ளி வெட்டினால் மிஞ்சும் நூல் முனைகள் கன்னத்தில் குத்தும். மேல் மூலைகள் இரண்டையும் சரிவாக வெட்டிய பின், வலையின் நிறத்திலேயே உள்ள நூலை மேலோரக் கண்களிலும் சரிவுக் கண்களிலும் ஒன்றுவிடாமல் கோத்துச் செல்ல வேண்டும்.

அந்த நூலை இழுக்கும்போதுதான் வடிவம் பிறக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுருக்கினால் வலை மேசைத் திரைபோல் நேராகத் தொங்கும். நடு நெற்றியில் குறைவாகவும் இரு பொட்டுகளின் பக்கம் மிகுதியாகவும் சுருக்கினால் அது முன்னால் விலகி நின்று, பக்கங்களில் கன்னத்தை அணைத்து வளையும். உடனே தைத்துவிடலாகாது, குண்டூசிகளால் நிறுத்தி, அணிபவர் தலையில் வைத்து, கண்ணாடிமுன் நின்று கண்களைப் பலமுறை இமைத்துப் பார்க்க வேண்டும். இமை மயிர் வலையில் பட்டால் அந்தத் தொப்பியை யாரும் அரைமணி நேரத்துக்கு மேல் அணியமாட்டார்கள். வலையின் கீழோரம் மூக்கு நுனியிலோ மேலுதட்டுக்கு மேலோ முடிவது நன்று. உதட்டின் நடுவே முடிந்தால் பேசும்போதும் அருந்தும்போதும் இடையூறு. எல்லாம் சரியானபின், தொப்பியின் விளிம்பில் இடைவெளிவிட்டு, இறுக்காத சிறு தையல்களால் வலையைப் பிடித்துவைக்க வேண்டும். வலை பெரும்பாலும் நைலானால் ஆனது என்பதால், மடிப்புகளை எட்ட நின்ற நீராவியால்தான் நீக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி நேரடியாகப் பட்டால் உருகிவிடும். வெல்வெட் புள்ளிகள் வேண்டுமென்று விரும்புபவர், கருவிழிக்கு நேரே வரும் கண்களை முதலில் குறித்துக்கொண்டு அவற்றைத் தவிர்த்து வைக்கலாம்.

பூ, ரிப்பன், இறகு ஆகியவை தையல் தடங்களை மறைக்கவும் பார்வையை ஓரிடத்துக்கு இழுக்கவும் பயன்படுகின்றன. பெண்களின் தொப்பியில் இவற்றைப் பெரும்பாலும் வலப்பக்கம் வைப்பது மரபு. முகவலையே ஓர் அலங்காரம் என்பதால் அதனோடு சேரும் அணிகள் குறைவாக இருப்பதே அழகு. ஒரு பூங்கொத்தும் இரண்டு இறகும் இருக்கும் இடத்தில் முத்துச்சரமும் சேர்ந்தால் வலை கண்ணில் படாமலே போய்விடும்.

இறகைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொப்பிக்காக வெண்கொக்குகள் உலகெங்கும் கொன்று குவிக்கப்பட்டன. அவற்றின் முதுகில் தோன்றும் நூல்போன்ற மெல்லிறகுகள் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே வளர்பவை ஆதலால், தாய்ப்பறவை கொல்லப்பட்டதும் கூட்டிலிருந்த குஞ்சுகளும் பட்டினியில் மடிந்தன. அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1886இல் நியூயார்க் தெருக்களில் நடந்தபடியே எண்ணிய 700 தொப்பிகளில் 542இல் பறவை இறகுகள் இருந்தன. பாஸ்டன் நகரில் ஹேரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு பெண்கள் 1896இல் இறகுத் தொப்பியைத் துறக்குமாறு தம்மைப்போன்ற பெண்களைத் திரட்டித் தொடங்கிய சங்கம் பறவைப் பாதுகாப்பு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. பிரிட்டிஷ் இந்திய அரசு 1902இல் காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டன் தன் இறக்குமதியைத் தடை செய்ய 1921 வரை ஆயிற்று. அணிந்த பெண்களில் ஒரு பகுதியினரே அணிய மறுத்ததால் ஓர் உயிரினம் பிழைத்தது என்பது தொப்பி வரலாற்றின் மிகப் பெருமைக்குரிய பக்கம். இன்று வளர்ப்புச் சேவல், வாத்து ஆகியவற்றின் இறகுகளே வீட்டு வேலைக்குப் போதுமானவை. நீராவியில் காட்டினால் நசுங்கிய இறகும் விரிந்துகொள்கிறது, மழுங்கிய கத்தி முதுகால் மெல்ல இழுத்தால் சுருள்கிறது.

1960களில் அன்றாடத் தொப்பி வழக்கம் மறைந்தபோது முகவலையும் திருமணம், பந்தயம் போன்ற நிகழ்ச்சிகளுக்குள் ஒடுங்கியது. அடித்தளமே இல்லாமல் சீப்பில் இறகையும் வலையையும் ஒட்டி விற்கும் ஃபேசினேட்டர் என்ற சிறு தலையணி பின்னர் பெருகியது. இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயத்தில் அரச வளாகத்துக்குள் வரும் பெண்களுக்கு 2012இல் இது மறுக்கப்பட்டு, தலையணியின் அடித்தளம் குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பாரிஸில் நவம்பர் 25ஆம் நாள் தொப்பிக் கலைஞர்களின் காவல் புனிதையான கேத்தரினின் திருநாளில், 25 வயதாகியும் மணமாகாத பெண்களுக்குத் தோழிகள் பச்சையும் மஞ்சளுமான தொப்பிகளைத் தங்கள் கையாலேயே செய்து சூட்டும் வழக்கம் ஆடைத் தொழில் நிறுவனங்களில் இன்னும் மறையவில்லை.

இன்று சந்தையில் கிடைக்கும் மலிவான தலையணிகளின் பெரிய குறை அவற்றின் சூட்டுப் பசைதான். பசை வலையின் கண்களில் ஊறிக் கட்டியாகும், நாளடைவில் மஞ்சளாகும், எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிக்க முயன்றால் வலையும் துணியும் சேர்ந்தே கிழியும்; ஒரு திருமணத்தோடு அந்தப் பொருளின் ஆயுள் முடிந்துவிடும். தைத்த தொப்பியிலோ நான்கு இழைகளை அறுத்தால் வலை முழுதாகக் கையில் வந்துவிடுகிறது. அதை அலசி உலர்த்தி, அடுத்த முறை வேறு நிற ரிப்பனோடு அதே அடித்தளத்தில் தைக்கலாம். லண்டனிலோ டொராண்டோவிலோ நண்பர் வீட்டுத் திருமணத்துக்காகத் தலையணி தேடுபவர்கள், புதியது வாங்குமுன் பழைய பொருள் விற்கும் கடைகளில் கம்பியும் லைனிங்கும் சரியாக உள்ள ஒரு ஃபெல்ட் தொப்பியைத் தேடி எடுத்து, அதில் ஒரு மீட்டர் வலையைத் தம் கையால் தைத்துப் பார்க்க வேண்டும்.