குறை சொல்பவர் எதிரியல்லர்

கம்ப்யூட்டர் என்றாலே படித்தவர்கள் சமாசாரம், நமக்கேன் என்று ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. இன்று தில்லியில் கீரை விற்பவர்கூட கைப்பேசியில் பணம் வாங்குகிறார். ஆனால் "இது எனக்குச் சரிப்படவில்லை" என்று அவர் சொன்னால் கேட்பார் யார்? ஸாஃப்ட்வேர் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் இதைப் பற்றி அன்பர்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

1994-ல் கரோல் பாக்கில் ஒரு துணிக்கடைக்கு, பில் போடும் புரோகிராம் ஒன்றை ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்தோம். சில மாதங்களில் புகார் வந்தது. போய்ப் பார்த்தால், வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே எழுத்து மூன்று தடவை! பாதி பில்கள் கடை மூடிய பிறகு பதிவானவை. "புரோகிராமில் குற்றமில்லை, இயக்குபவருக்குப் பழக்கம் போதாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் படித்த முதலாளி, இருபது வருஷமாகக் கணக்கெழுதி வந்த முனீம்ஜியை வீட்டுக்கு அனுப்பத் தயாராகிவிட்டார்.

முனீம்ஜி என்னிடம் சண்டை போடவில்லை. "பாபுஜி, ஒரு நாள் சாயங்காலம் என் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்" என்றார்.

உட்கார்ந்தேன். ரொக்கம் கொடுத்து ஒரு துண்டு வாங்குபவர் பெயரும் முகவரியும் சொல்வாரா? சொல்லாவிட்டால் எங்கள் புரோகிராம் நகராது. நடுவில் மின்சாரம் போனால் பாதி பில் மாயம். ஆகவே அவர் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டில் எழுதி வைத்துக்கொண்டு இரவில் பதிவு செய்திருக்கிறார். குற்றம் என்னுடையது! முதலாளியிடம் அதை ஒப்புக்கொண்டேன். ரொக்க பில்லுக்குப் பெயர் தேவையில்லை, ஒவ்வொரு வரியும் உடனே பதிவாகும் என்று மாற்றினோம். முனீம்ஜியின் வேலை தப்பியது.

பெரிய கம்பெனிகளும் இப்பாடத்தைப் படித்தவைதான். 1995 முதல் மக்களுக்குப் பழகிப்போன 'ஸ்டார்ட்' பொத்தானை, 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோஸாஃப்ட் எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பவே, 2013-ல் பொத்தானும், 2015-ல் விண்டோஸ் 10-உடன் பட்டியலும் திரும்பி வந்தன.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. பணம் வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் கைப்பேசியை எடுத்துப் பார்க்கக் கடைக்காரருக்கு நேரமேது? வந்த தொகையை உரக்கச் சொல்லும் சிறு பெட்டி அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. இணைய வசதியில்லாத சாதாரணக் கைப்பேசிக்காரர்களுக்கென 2022-ல் தனி முறையும் வந்தது.

இதற்காக, கேட்டதையெல்லாம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்கு வலி எங்கே என்று தெரியும். மருந்து சொல்வது வைத்தியர் வேலை. முனீம்ஜி முதலில் கேட்டது "வேகமான கம்ப்யூட்டர்". அதை வாங்கிக் கொடுத்திருந்தால் முதலாளிக்குச் செலவுதான் மிச்சம்.

ஆகவே அன்பர்களே, புது ஸாஃப்ட்வேர் தகராறு செய்தால் "எனக்கு வயதாகிவிட்டது" என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். எந்த இடத்தில், என்ன செய்யும்போது தடுக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். தொழிலில் இருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: அறிக்கை எழுதுமுன் ஒரு சாயங்காலம் பக்கத்தில் போய் உட்காருங்கள்.