சாதாரணக் கட்டி என்றார்களா?

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், வலிக்கிறதா என்றுதான் நம் தோட்டத்துப் பெண்கள் முதலில் பார்க்கிறார்கள். வலிக்காவிட்டால் கொழுந்துக்குப் போய்விடுகிறார்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய நாட்சம்பளப் பேர் விழாது என்ற கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் மார்புப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

அரிதான ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஃபைலோடிஸ் கட்டி. இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 1838இல் ஜெர்மானிய மருத்துவர் யோகானஸ் முல்லர் வைத்த பெயர். வெட்டிப் பார்த்தால் உள்ளே இலை இலையாக மடிந்திருக்கும். மார்புக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இதுவாக இராது. தொட்டால் இளம்பெண்களுக்கு வரும் தீங்கற்ற நார்க்கட்டி போலவே நழுவும். ஸ்கேனிலும் அப்படித்தான் தெரியும். ஊசியால் எடுக்கும் துணுக்குகூடச் சிலவேளை ஏமாற்றிவிடும். சில மாதங்களிலேயே மளமளவென்று பெருத்தால் சந்தேகப்படுங்கள். இதில் பெரும்பாலானவை புற்றல்ல. புற்றாக இருந்தால் இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகக்கூடியது.

புற்றாக இருந்தால் கட்டியை மட்டும் தோண்டி எடுப்பது போதாது. சுற்றிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையோடு எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அதே இடத்தில் மறுபடி முளைக்கக்கூடும். அக்குளுக்குப் பரவுவது அபூர்வம், ஆகவே அங்குள்ள நெறிகளை முழுதாக அகற்றும் தேவை பொதுவாக வராது. நோயின் பெயர் சரியாகத் தெரிவது அதனால்தான் முக்கியம்.

கட்டியே இல்லாத புற்றும் உண்டு. மார்பு சிவந்து வீங்கி, தோல் தோடம்பழத் தோல்போலக் குழிகுழியாகும். பாலூட்டும் தாய்க்கு வந்தால் ‘பால் கட்டு’ என்று விட்டுவிடுவார்கள். மருந்து குடித்தும் ஒரு வாரம், பத்து நாளில் குறையவில்லையா? திரும்பப் போய், பயொப்சி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் மார்பைப் பரிசோதிப்பார்கள். கட்டி தெரிந்தவர் அதுவரை காத்திருக்கவேண்டாம்; தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கி டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போகலாம். மேல்சிகிச்சை கண்டியிலும் மகரகமவிலும் உண்டு. “எடுத்த கட்டியை லேபுக்கு அனுப்பினீர்களா? ஓரம் சுத்தமா?” என்று தமிழிலேயே கேளுங்கள். தமிழில் பதில் பெறுவது சட்டம் தந்த உரிமை. மறுத்தால் அரச கரும மொழிகள் முறைப்பாட்டுக்கு 1956 என்ற இலக்கம் இருக்கிறது.

லயத்துக் கூரை ஒழுகுமென்றால் ரிப்போட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். கட்டி திரும்ப வந்தால் டொக்டர் முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான்.