மீட்டருக்கு எதற்குத் தனி மின்சாரம்?

தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்தியதும் லயங்கள் இருளில் மூழ்கிய காலத்தைக் கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையிலும் அதே கதைதான். இன்று தெனாகா நேஷனல் மின்சாரம் வீட்டுக்கே வருகிறது. ஆனாலும் மின்தடைக்கு ஒரு பேட்டரி, கோயில் விளக்குகளுக்கு ஒரு சூரியத் தகடு என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

அந்தப் பேட்டரியின் நிலையை அறியச் சிறு டிஜிட்டல் மீட்டர் பொருத்துவது நல்ல பழக்கம். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி நிறைந்திருந்தால் ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள். இடைவெளி முக்கால் வோல்ட்கூட இல்லை. மீட்டர் சற்றுத் தவறினாலும் விலை கொடுத்து வாங்கிய பேட்டரி சீக்கிரமே பாழாகிவிடும்.

நிறுப்பவர் தராசில் ஏறலாமா?

மீட்டருக்கு இரண்டு வேலைக்கு வயர் உண்டு. ஒன்று அளப்பதற்கு, மற்றொன்று மீட்டரே இயங்குவதற்கு. இரண்டையும் ஒரே பேட்டரியில் கோர்த்தால் என்ன ஆகும்? ரப்பர்ப் பால் நிறுக்கும் தராசில், நிறுப்பவரும் ஒரு காலை வைத்தது போலத்தான்.

9 வோல்ட்டில் இயங்கும் பழைய எல்சிடி மீட்டர்களில் இது உடனே தெரியும். 200 மில்லிவோல்ட் வரை அளக்கும் அந்த வகை, தன்னை இயக்கும் பேட்டரியையே அளக்க முடியாது. எண் தாறுமாறாக வரும், அல்லது இடது ஓரத்தில் ‘1’ மட்டும் நிற்கும். அதற்கென்று தனி 9 வோல்ட் பேட்டரி வேண்டும்.

வோல்ட், ஆம்பியர் இரண்டையும் காட்டும் மலிவு மீட்டர்களில் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றில் பலவற்றில் மெல்லிய கறுப்பு வயரும் தடித்த கறுப்பு வயரும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். தடித்த வயர் கழன்றுவிட்டால், விளக்குகளின் மின்னோட்டம் முழுவதும் மெல்லிய வயர் வழியே பாயும். வயர் சூடாகி உருகும். பலகை வீட்டில் அது தீயாகவும் மாறலாம்.

இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஒன்றாக இரண்டு மீட்டர்கள் வைத்து, இரண்டையும் ஒரே அடாப்டரில் இயக்கினால், கறுப்பு வயர்கள் வழியாகக் கீழ்ப் பேட்டரி ஷார்ட் ஆகிவிடும்.

தீர்வு என்ன?

ஒவ்வொரு மீட்டருக்கும் பிரிக்கப்பட்ட மின்சாரம் கொடுப்பதே தீர்வு. இதற்கென்றே 5 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டையே திருப்பித் தரும் சிறு கருவிகள் விற்கின்றன. வாங்கியதையே தருவதற்கு ஒரு கருவியா என்று தோன்றலாம். அதன் இரு பக்கத்தையும் எந்த வயரும் இணைப்பதில்லை. சுருள்களின் காந்தப்புலம் வழியாகவே சக்தி கடந்து போகிறது. பயன் அதில்தான். வோல்ட்டைக் குறைத்துத் தரும் சாதாரண மலிவுப் பலகைகள் பெரும்பாலும் இப்படிப் பிரிப்பதில்லை.

வாங்கியதும் சோதிப்பது எளிது. எதிலும் இணைக்காமல், உள் பக்கத்து மைனஸிலும் வெளிப் பக்கத்து மைனஸிலும் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். ‘பீப்’ ஒலி வந்தால் அது பிரிக்கப்பட்டதல்ல.

இவையெல்லாம் பேட்டரி மின்சாரத்துக்கு மட்டுமே. வீட்டு மின்சாரமும் ஜெனரேட்டரும் வேறு. அவற்றில் பொருத்தும் மலிவு மீட்டர்கள் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது; உள்ளே எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டால் பயமில்லை என்பதும் தவறு. அதற்கு அப்பால் ஒருவர் இரண்டு வயரையும் தொட்டால், வீட்டின் கசிவு தடுப்பு சுவிட்ச் அதை உணர்ந்து அணையாது. அந்த வேலையைச் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடம் விடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.