தையா தை... முப்பத்தாறு வயதில்!

சென்னையில் சனிக்கிழமை சாயங்காலம் எந்த டான்ஸ் கிளாஸ் வாசலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். படிக்கட்டில் வரிசையாக அப்பாக்கள். கையில் செல்போன், மடியில் தண்ணீர் பாட்டில், காலடியில் மகளின் செருப்பு. இந்தச் செருப்புக் காவல் உத்தியோகத்தை இரண்டு வருஷம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே போய் ஆடிவிடுவது உத்தமம். கொசுக்கடியாவது மிச்சம்!

மகள் படிக்கிற இடத்திலேயே, 'பெரியவர்களுக்கும் பரதநாட்டியம், ஞாயிறு காலை ஆறரை மணி' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பெயர் கொடுத்தேன். மொத்தம் ஆறு பேர். ஒரு பல் டாக்டர், சாஃப்ட்வேர் பையன்கள் இரண்டு பேர், ஒரு கல்லூரி லெக்சரர், பாங்கில் ரிடையரான ஒரு மேடம், அப்புறம் அடியேன். டீச்சருக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. நான் 'டீச்சர்' என்கிறேன். அவர் என்னை 'அண்ணா' என்கிறார். அடுத்த பாட்ச் வாண்டுகள் 'அங்கிள்' என்கிறார்கள்.

செய்தி பரவியதும் மாமா போன் செய்தார். "ஆம்பளைக்கு எதுக்குடா பரதநாட்டியம்?"

நியாயமான கேள்வியா இது? இன்றைக்குக் கச்சேரியில் ஆடுகிற வரிசையை ஒழுங்குபடுத்திய பெருமை தஞ்சாவூரின் நான்கு சகோதரர்களுக்கு உண்டு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. நாலு பேரும் ஆண்கள். 'சதிர்' என்று இளக்காரமாகப் பேசி இந்தக் கலையையே ஒழித்துக்கட்டப் பார்த்த காலத்தில், அதற்காக வாதாடியதோடு நிற்காமல் பெண் வேஷம் கட்டி மேடையிலும் ஆடியவர் இ. கிருஷ்ணய்யர். தொழில், வக்கீல்! இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மாமா சர்க்கரை அளவு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வயசு? பாலசரஸ்வதி 1925-ல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது வயது 7. சரி, அந்த பஸ் போய்விட்டது. ஆனால் 1904-ல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றுக்கொண்டு, அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ஆடியது 1935-ல். வயது 31! மறு வருஷமே கலாக்ஷேத்ரா. (அவர் அதற்கு முன்பே பாலே நடனம் கற்றவர் என்பதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.)

முதல் நாள் அரைமண்டி. பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப, முழங்கால் இரண்டும் விரிய, முதுகு நேராக நிற்க, பாதி உட்கார வேண்டும். பஸ்ஸில் சீட் நுனியில் உட்காருவோமே, அது மாதிரிதான். சீட் மட்டும் கிடையாது. பத்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து லெட்ஜர் பார்த்த இடுப்பு இதற்கு ஒப்புக்கொள்ளுமா? மறுநாள் மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியாக எண்ணி இறங்கினேன்.

இங்கே ஒரு விஷயம் சீரியஸாக. கால் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்துதான் திரும்ப வேண்டும். இடுப்பு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் நமக்கு அரைமண்டி. பக்கத்தில் இருக்கிற பத்து வயசுப் பெண்ணைப் பார்த்துப் பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால், பாதம் ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமும் போகும். தண்டனை முழங்காலுக்கு. சேருவதற்கு முன்னால் தரையையும் பாருங்கள். வெறும் சிமென்ட் தரையில் ஓங்கித் தட்டினால் அத்தனை அதிர்ச்சியும் காலுக்கே திரும்பி வரும். ஏற்கெனவே மூட்டு வலி இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். 'ரெண்டே மாசத்துல மேடை ஏத்திடறேன்' என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது தட்டடவு. தையா தை, தையா தை. பி.காம். படித்தவனுக்குக் கணக்கில் சந்தேகம் வருமா? முதல் காலத்தில் ஒரு தாளத் தட்டுக்கு ஒரு அடி. இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. தட்டுக்கழியின் வேகம் மாறாது, நம் கால்தான் மாற வேண்டும். என் மகளுக்கு இந்த வாய்ப்பாடு தெரியாது. ஆனால் அவள் காலுக்குத் தெரியும். எனக்கு விஷயம் தலைகீழ். மூளை பாலன்ஸ் ஷீட்டை டாலி செய்துவிட்டு, இடது கால் எப்போது கையெழுத்துப் போடும் என்று காத்துக்கொண்டிருக்கும்.

ஆனாலும் இதில் ஒரு சுகம் இருக்கிறது சார். ஆபீஸில் 'தப்பு' என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பின்னால் மெமோ வரும், இன்கிரிமென்ட் போகும். அதனாலேயே முப்பது தாண்டியதும் தெரிந்த வேலையை மட்டும் செய்துகொண்டு காலத்தை ஓட்டுகிறோம். இங்கே டீச்சர், "தப்பு அண்ணா, திரும்பப் பண்ணுங்க" என்கிறார். திரும்பப் பண்ணுகிறோம். அவ்வளவுதான். மறுபடி தப்பு. மறுபடி தையா தை.

ஒரு நாள் வகுப்பு முடிந்து டீக்கடையில் நின்றோம். பாங்க் மேடத்திடம், "இப்பப் போய் எதுக்கு மேடம்?" என்றான் சாஃப்ட்வேர் பையன்.

"பத்து வயசுல கேட்டேன். அப்பா வேண்டாம்னுட்டார். கல்யாணம் ஆனப்புறம் அவர்கிட்ட கேட்டேன். சிரிச்சார்" என்றார். டீயை ஆற்றினார். "இப்ப கேக்கறதுக்கு ஆள் இல்லை. அதான் கேக்காமயே வந்துட்டேன்."

பையன் டீக்குக் காசு கொடுக்கப் போனான். மேடம் விடவில்லை.

வருகிற விஜயதசமிக்கு நாங்கள் ஆறு பேரும் குழந்தைகள் எதிரில் தட்டடவு ஆட வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. முதல் இரண்டு காலம் மட்டும். "மூணாம் காலம்?" என்று கேட்டேன். "மொதல்ல முதல் காலம் வரட்டும் அண்ணா" என்றார். பெண்களுக்குக் காட்டன் புடவை, ஆண்களுக்குப் பஞ்சகச்சம். எனக்கு வேட்டி இடுப்பில் நிற்பதே பெல்ட் தயவில். எங்கள் வீட்டில் கச்சம் கட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

ஞாயிறு மத்தியானம் வருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.