ஐவாட்சுக்கு ஜமைக்காவில் என்ன வேலை?

'ஐவாட்ச்' என்ற பெயருக்கு ஆப்பிள் தரப்பிலிருந்து 2012 டிசம்பரில் ஒரு டிரேட்மார்க் விண்ணப்பம் போனது. போன இடம் ஜமைக்கா. அந்தத் தீவில் எத்தனை பேர் அந்தக் கடிகாரத்தை வாங்குவார்கள் என்பது கணக்கே இல்லை. கணக்கு வேறு.

1883-ம் வருஷத்துப் பாரிஸ் ஒப்பந்தத்தில் 'முன்னுரிமைத் தேதி' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு உறுப்பு நாட்டில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால், அங்கேயும் முதல் தேதியையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். (பேட்டண்ட்டுக்கு 12 மாதம்.) இடையில் வேறு ஒருவர் அதே பெயரோடு வந்தாலும், வரிசையில் அவர் பின்னால்தான்.

அமெரிக்காவில் விண்ணப்பித்தால் சில நாளில் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். ஜமைக்கா பதிவேட்டை அப்போது அப்படித் தேட முடியாது. கிங்ஸ்டன் அலுவலகத்துக்கு ஆள் போய்த்தான் பார்க்கணும். ஆக, தேதியும் கிடைக்கும், ஆறு மாதம் ரகசியமும் இருக்கும். சொல்லி வைத்த மாதிரி 2013 ஜூனில் ஜப்பானில் 'ஐவாட்ச்' விண்ணப்பம் வெளிப்பட்டது. (கடிகாரம் 2015-ல் கடைக்கு வந்தபோது பெயர் 'ஆப்பிள் வாட்ச்'. அது தனிக்கதை.)

சரி, இதுல ஜமைக்காவுக்கு என்ன கிடைச்சுது? விண்ணப்பக் கட்டணம், உள்ளூர் வக்கீலுக்குக் கொஞ்சம் ஃபீஸ். அதைவிட முக்கியம், கம்பெனிகளை இழுத்தது அந்த அலுவலகத்தின் திறமை இல்லை, அதில் இருந்த ஒரு குறை. பதிவேட்டை இணையத்தில் ஏற்றினால் அந்தக் கவர்ச்சி போய்விடும். ஏற்றாமல் வைத்தால் நஷ்டம் உள்ளூர் வியாபாரிக்கு: தன் சரக்குக்கு வைக்கப்போகும் பெயர் ஏற்கெனவே யாருடையது என்று அவரால் சுலபமாகப் பார்க்க முடியாது.

இன்னொரு தீவை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் 1995 வரை சொந்தமாகப் பேட்டண்ட் கொடுத்ததில்லை. பிரிட்டன் பேட்டண்ட்டை அங்கே மறுபதிவு செய்துகொள்வதுதான் வழக்கம். 1995 பிப்ரவரியில் சொந்தச் சட்டம் வந்தது, கூடவே பி.சி.டி. என்ற சர்வதேசப் பேட்டண்ட் ஒப்பந்தத்திலும் சேர்ந்தார்கள். ஆனால் விண்ணப்பத்தை ஆராய ஆள் இல்லை. ஆஸ்திரியா, டென்மார்க் போன்ற நாடுகளின் அலுவலகங்களிடம் கொடுத்து ஆராய்ந்தார்கள். 2013-ல்தான் சொந்த ஆய்வாளர் குழு. ஆய்வறிக்கை பாதகமாக வந்தாலும் பேட்டண்ட் வாங்கிவிடலாம் என்றிருந்த தளர்வை 2014-ல் எடுத்தார்கள். கெடுபிடி கூடினால் கூட்டம் குறையும்னுதானே நினைப்போம்? ஆனால் தன் ஊரிலேயே தளர்வாக இருக்கும் அலுவலகத்தின் அறிக்கையை வெளியூர்க்காரர் ஏன் நம்பணும்?

2015 செப்டம்பரில் சிங்கப்பூர் அலுவலகம் பி.சி.டி.யின் சர்வதேசத் தேடல் அமைப்புகளில் ஒன்றானது. அந்த இடத்துக்குக் குறைந்தது 100 முழுநேர ஆய்வாளர்கள் வேண்டும் என்பது விதி. இந்த அமைப்பு செய்வது என்ன? ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதுசா என்று உலக ஆவணங்களில் தேடி அறிக்கை தருவது. ஜப்பான், அமெரிக்கா அலுவலகங்கள் வழியாக விண்ணப்பிப்பவர்கள்கூட இந்தத் தேடலுக்குச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலத்தோடு சீன மொழி விண்ணப்பங்களையும் ஏற்கிறார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி உங்கள் நாட்டில் பேட்டண்ட் வாங்கினால், கட்டணம் உங்களுக்கு. 20 வருஷ ஏகபோகம் அவர்களுக்கு, உங்கள் சந்தைமேல். மருந்து என்றால் விலை கொடுப்பது உங்கள் நோயாளி. தேடல் வேலை அப்படியில்லை. சிங்கப்பூரில் விற்கவே போகாத பொருளுக்கும் சிங்கப்பூரில் தேடலாம். கட்டணம் வரும், உள்ளூர்ச் சந்தைமேல் புதுசா எந்தப் பூட்டும் விழாது. வேதியியலும் மின்னணுவியலும் படித்த ஆய்வாளர்களுக்கு வேலையும் ஊரிலேயே இருக்கும்.

அதனால் 'எங்கள் நாட்டுக்கு இத்தனை வெளிநாட்டு விண்ணப்பங்கள்' என்று ஒரு சின்ன நாடு பெருமைப்படும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்கக்கூடாது. வந்தவர் விட்டுப்போனது வேலையா, பூட்டா என்று பார்க்கணும்.