திருத்தம் வந்தாச்சு, திருச்சுழிக்கு எப்போ?

திருச்சுழிப் பக்கம் கண்மாய்க் கரையில் கசிவு கண்டால் ஊரே மண்வெட்டியோடு ஓடும். வீட்டுப் பரணில் கிடக்கும் மடிக்கணினியின் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், கசிவு என்றால் யாருக்கும் தெரிவதுகூட இல்லை.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். அருப்புக்கோட்டைக் கல்லூரிக்குப் பஸ் ஏறிய பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கணினி. அந்த நாளில் லினக்ஸ் கெர்னலுக்குள் 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டை இருந்தது. 2007-இல் புகுந்தது, 2016 அக்டோபரில்தான் அடைபட்டது. நினைவகத்தின் ஒரே பக்கத்தில் இரண்டு வேலைகள் முட்டிக்கொள்ளும் நொடிப் பிசகு அது. அதை வைத்து, படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் எழுதி, சாதாரணப் பயனர்கூடக் கணினியின் முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம்.

ஒரு செயலி தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டால், கெர்னல் 11-ஆம் எண் சிக்னலை அனுப்பி அதை நிறுத்தும். கெர்னலே தப்பாகத் தொட்டால் தட்டிக்கேட்க மேலே ஆளில்லை. சிக்னலிலும் வம்பு உண்டு. வேலை பாதியில் நிற்கும்போது குறுக்கே வந்து விழும். கெர்னலுக்கு வெளியே, சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் இப்படி ஒரு பிழையை 2006-இல் சரிசெய்தார்கள். 2020-இல் செய்த மாற்றத்தில் அதே பிழை திரும்பி வந்தது. 2024-இல்தான் பிடிபட்டது.

ரஸ்ட் மொழியில் எழுதினால் நினைவகப் பிழைகளில் பெரும்பாலானவை கம்பைல் ஆகும்போதே மாட்டிக்கொள்ளும். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலும் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் எழுதிய திருத்தம் நரிக்குடி வரை வந்து சேர வேண்டுமே! டேட்டா தீர்ந்துவிடும் என்று அப்டேட்டை அணைத்துவைக்கிறோம். பதிப்புக்கு ஆதரவுக் காலம் முடிந்துவிட்டால், கேட்டாலும் திருத்தம் கிடைக்காது.

'பழசைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமே' என்று சொல்பவர்களும் உண்டு. மானாவாரி மல்லி விலையை நம்பியிருக்கும் வீட்டில் அது ஆகிற பேச்சா?

ஒரு பள்ளியில் ஒருமுறை இறக்கிய அப்டேட்டைப் பென் டிரைவில் எடுத்துப்போய் அதே பதிப்பு ஓடும் கணினிகளுக்கெல்லாம் போடலாம். சி பாடத்தில் பாயின்டருக்கு மார்க் வாங்கும் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடையாது. கணினி வழங்கும் விழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள், அதைப் புதுப்பிக்கவும் ஆண்டுக்கு ஒரு தேதி குறிக்கட்டும்.